இறக்கை மடல் விரியாவிட்டால்...

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விமான இறக்கையின் பின்விளிம்பில் 'பிளாப்' எனப்படும் மடல்கள் உண்டு. வானில் விரைந்து செல்கையில் இவை இறக்கையோடு ஒடுங்கிக் கிடக்கும். தரையிறங்கும் வேளையில் விமானி நெம்புகோலை நகர்த்த, பின்னும் கீழுமாக நீளும். இறக்கையின் பரப்பும் வளைவும் மிகுவதால், குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்கும் தூக்குவிசை கிடைக்கிறது.

இம்மடல்கள் விரிய மறுத்தால் விமானம் விழுந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுவோம். அப்படியன்று. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் மாறுவது. மடல் தராததை வேகம் தந்துவிடும். தொல்லையெல்லாம் தரையில்தான். இயக்க ஆற்றலும் அதே வர்க்கத்தைத்தானே பின்பற்றுகிறது! மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க வேண்டிய விமானம் 340-இல் இறங்கினால், வேகம் மூன்றில் ஒரு பங்குகூட மிகவில்லை. பிரேக்குகள் தாங்க வேண்டிய ஆற்றலோ 1.7 மடங்காகிவிடுகிறது. விமானத்தில் ஏறியே இராத நமக்கும் இது விளங்கும். முதலாண்டு இயக்கவியல் போதும்.

ஓடுதளம் கண்ணெதிரே தெரியும்போது எப்படியாவது இறங்கிவிடத் தோன்றுவது மனித இயல்பு. பயிற்சி பெற்ற விமானி அதற்கு இடங்கொடுப்பதில்லை. எஞ்சின் விசையைக் கூட்டி மீண்டும் மேலேறிப் பாதுகாப்பான உயரத்தில் வட்டமிடுகிறார். ஒருவர் ஓட்ட, மற்றவர் கோளாறுக் கையேட்டை வரிவரியாகப் படிக்கிறார். மடல் எந்த நிலையில் நிற்கிறது? அந்நிலைக்குரிய வேகம் என்ன? இந்த எடைக்கு எவ்வளவு நீளமான ஓடுதளம் வேண்டும்? நீளம் போதாதெனில் வேறு நிலையம் தேட வேண்டும். ஆனால் பாதி விரிந்து நிற்கும் மடல் காற்றை எதிர்ப்பதால் எரிபொருள் விரைந்து கரையும். அதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

ஒரு பக்க மடல் மட்டும் விரிந்தால் விமானம் புரளத் தொடங்கும். எனவே இருபுறமும் வேறுபட்டவுடன் மடல்கள் தாமே பூட்டிக்கொள்ளும் அமைப்பு பெரிய விமானங்களில் உண்டு. அதன்பின் நெம்புகோலை ஆட்டிப் பார்ப்பது ஆகாது.

வட்டமிடவே வழியில்லாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. கிலோகிராமில் வேண்டிய எரிபொருளைப் பவுண்டுக் கணக்கில் நிரப்பியதால், 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றின் இரு எஞ்சின்களும் நடுவானில் நின்றன. மடல்களை இயக்கும் திரவ அழுத்தமும் போயிற்று. கிம்லி என்னுமிடத்திலுள்ள பழைய விமானப்படைத் தளத்தை நெருங்கியபோது விமானம் வேண்டிய அளவுக்கு மேல் உயரத்தில் இருந்தது. மடல் விரிந்திருந்தால் அதன் தடையே விமானத்தைக் கீழே இறக்கியிருக்கும். கிளைடர் ஓட்டிப் பழகியிருந்த விமானி ராபர்ட் பியர்சன், விமானத்தை ஒருபுறம் சாய்த்துக் குறுக்காகத் திருப்பி, அதன் பக்கவாட்டையே காற்றுக்குத் தடையாக்கி உயரத்தைக் குறைத்தார். தரை தொட்டதும் முன்சக்கரம் மடங்கி மூக்கு ஓடுதளத்தில் உராய்ந்தது; அந்த உராய்வும் விமானத்தை நிறுத்த உதவியது. 69 பேரும் உயிர் பிழைத்தனர். பழுதுபார்க்கப்பட்ட அவ்விமானம் 2008 வரை பறந்தது.