ஹீலியம் அணுவும் ஒழுங்கற்ற இயக்கமும்

அணுவைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், நடுவே ஒரு கருவையும் அதனைச் சுற்றி வட்டப் பாதைகளில் எலெக்ட்ரான்களையும் கரும்பலகையில் வரைவது வழக்கம். 1913-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி நீல்ஸ் போர் வகுத்த இவ்வமைப்பு, ஹைட்ரஜன் வெளியிடும் ஒளிக்கோடுகளைச் செவ்வனே விளக்கியது. ஓர் எலெக்ட்ரானை இழந்த ஹீலியத்திற்கும் அது பொருந்தியது. ஆனால், இரண்டு எலெக்ட்ரான்களும் உள்ள முழு ஹீலியம் அணுவில் பொய்த்துப் போயிற்று. காரணம் யாது?

கருவும் ஓர் எலெக்ட்ரானும் மட்டுமே இருப்பின், பாதை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ அமைந்து மீண்டும் மீண்டும் நிகழும். எலெக்ட்ரான்கள் இரண்டாயின், அவை கருவால் ஈர்க்கப்படுவதோடு ஒன்றையொன்று விலக்கவும் செய்கின்றன. மூன்று பொருள்களின் இயக்கம் எத்துணைச் சிக்கலானது என்பதைப் பிரெஞ்சுக் கணித மேதை பொயான்காரே, வானக் கோளங்களை ஆராய்ந்து 1890-இல் வெளியிட்டார். தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு நேரினும், சிறிது காலத்தில் பாதைகள் முற்றிலும் பிரிந்துவிடக்கூடும். இங்கு இயக்க விதிகள் மீறப்படுவதில்லை. முன்கூட்டிக் கணிப்பதே இயலாது போகிறது. இதுவே ஒழுங்கற்ற இயக்கம்.

போரின் முறை ஒழுங்கான பாதைகளையே அடிப்படையாகக் கொண்டது. ஒழுங்கற்ற இயக்கத்திற்கு அத்தகைய முறை பொருந்தாது என்று ஐன்ஸ்டீன் 1917-இலேயே சுட்டிக்காட்டினார். அதனைக் கருத்திற் கொண்டோர் சிலரே. ஹீலியத்திலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிரிக்க 24.6 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி தேவை. 1923-இல் கிராமர்ஸ் பழைய முறையில் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 4 எலெக்ட்ரான் வோல்ட் குறைவாகவே விடை கிடைத்தது. 1926-இல் ஷ்ரோடிங்கர் அலைச் சமன்பாட்டை அளித்த பின்னர், 1929-இல் ஹில்லராஸ் சோதனைக்கு மிக நெருங்கிய விடையைக் கண்டார். அலைக் கொள்கையின்படி எலெக்ட்ரானுக்குத் திட்டமான பாதை கிடையாது.

அவ்வாறாயின் பாதைகளைப் பற்றிய ஆராய்ச்சி வீணா? அன்று. ஒழுங்கற்ற இயக்கத்தினிடையேயும், புறப்பட்ட நிலைக்கே மீளும் மூடிய பாதைகள் எண்ணற்றவை உண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் ஒரு சக்தி நிலையைத் தந்துவிடாது. அவை யாவும் கூடியே சக்தி நிலைகளின் அமைப்பை உணர்த்துகின்றன என்று குட்ஸ்வில்லர் 1971-இல் காட்டினார். 1991-இல் இவ்வழியே ஹீலியத்தின் சக்தி நிலைகள் கணக்கிடப்பட்டன. அதில் முதன்மை பெற்ற பாதை வட்டமன்று. கருவின் இருபுறமும் ஒரே நேர்கோட்டில், ஓர் எலெக்ட்ரான் கருவை நெருங்க மற்றொன்று விலகும் ஊசலாட்டமே அது.

ஆகவே, கரும்பலகையில் வட்டங்களை வரையும் ஆசிரியர், அவை ஹைட்ரஜனைப் போல ஒரே ஓர் எலெக்ட்ரான் உள்ளவற்றிற்கு மட்டுமே ஓரளவு பொருந்தும் என்பதையும் மாணவர்க்கு உடன் எடுத்துரைப்பது நலம்.