பறவை மீன்கள்: இனங்காணலும் இனப்பெருக்கமும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மீன் வாங்கச் செல்லும் நாம், நெஞ்சுப் புறத்திலிருந்து வாலை நோக்கி நீண்ட செட்டைகளையுடைய மீனைக் கண்டால், அது எவ்வினமாயினும் ‘பறவை மீன்’ என்றே அழைக்கிறோம். சோழமண்டலக் கரையில் வழங்கும் ‘பறவைக் கோலா’ என்பதும், சிங்களத்தில் வழங்கும் ‘பியாமெஸ்ஸா’ என்பதும் இத்தகைய பொதுப்பெயர்களே. சமையலுக்கு இப்பெயர் போதும். மீன்வளப் பாதுகாப்புக்குப் போதாது. ஏனெனில், இப்பெயருள் அடங்கும் மீன்கள் முட்டையிடும் முறையில் அடிப்படையாகவே வேறுபடுகின்றன. இவற்றை இனங்காணும் முறையையும் அதன் தேவையையும் ஈண்டு நோக்குவோம்.

பறவை மீன்கள் எக்சொசீற்றிடே என்னும் குடும்பத்தைச் சார்ந்தவை. முரல் மீன்கள் அடங்கும் வருணத்திலேயே இக்குடும்பமும் இடம்பெறுகிறது. பெயரிற் பறவை எனப்படினும் இவை சிறகடித்துப் பறப்பதில்லை. நீருக்கடியில் செக்கனுக்கு 10 மீற்றர் அளவான வேகத்துடன் மேல்நோக்கி விரையும் மீன், உடல் நீரைவிட்டு வெளிவந்ததும் செட்டைகளை விரிக்கிறது. வாற்செட்டையின் கீழ்மடல் மேல்மடலிலும் நீளமானது. நீரில் அமிழ்ந்திருக்கும் அம்மடலைச் செக்கனுக்கு 50 முதல் 70 தடவை வரை அசைத்து மேலும் வேகம் பெற்றே அது காற்றில் எழுகிறது. பின்னர் நிகழ்வது சறுக்கலே. ஒரு சறுக்கலில் ஏறத்தாழ 50 மீற்றர் கடக்கும் மீன், வாலால் நீரை மீண்டும் உந்தி எழுவதன் மூலம் 400 மீற்றர் வரையும் செல்லக்கூடும். சூரை முதலான கொன்றுண்ணிகளிடமிருந்து தப்புவதற்கான இசைவாக்கமாக இது கருதப்படுகிறது.

இனங்காணலில் நிறத்தை மட்டும் நம்பலாகாது. பனிக்கட்டியில் வைத்த மீனின் நிறம் மங்கிவிடும். கூடைகளில் நெருங்கிக் கிடக்கையில் செட்டைகளின் நுனிகளும் கிழிந்துவிடும். ஆதலின் செட்டைகள் அமைந்துள்ள இடமே சிறந்த ஆதாரமாகும். முதலில் இடுப்புச் செட்டையை நோக்குதல் வேண்டும். அது குறுகி, குதச் செட்டையின் தொடக்கத்தைத் தாண்டாதிருந்தால், அம்மீன் ‘இருசிறகு’ வகையான எக்சொசீற்றஸ் சாதியைச் சார்ந்தது. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட எக்சொசீற்றஸ் வொலிற்றன்ஸ் இதற்கு உதாரணமாகும். இடுப்புச் செட்டையும் நீண்டு இரண்டாஞ் சோடிச் சிறகுபோல் அமைந்திருந்தால் அது ‘நாற்சிறகு’ வகையாகும். அவ்வாறாயின், அடுத்து முதுகுச் செட்டையையும் குதச் செட்டையையும் ஒப்பிடல் வேண்டும். இரண்டும் ஏறக்குறைய நேருக்குநேர் தொடங்கின் அது ஹிருண்டிக்திஸ் சாதி. முதுகுச் செட்டையின் மூன்றாவது ஆரைக்கோ அதற்குப் பின்னுள்ள ஆரைக்கோ நேராகவே குதச் செட்டை தொடங்கின், அது கீலோப்போகன் அல்லது சிப்செலூரஸ் சாதியாகும். இளம் மீன்கள் சிலவற்றின் தாடையில் தாடிபோன்ற தொங்கல்கள் காணப்படும். வளர்ச்சியில் மறையும் இவ்வுறுப்புகளைக் கொண்டு, இளம் மீன்களைப் புதிய இனங்களாகப் பிழையாக விவரித்த ஆய்வாளரும் உளர்.

இவ்வேறுபாடுகள் நூதனசாலைக்கு மட்டும் உரியவை அல்ல. எக்சொசீற்றஸின் முட்டைகளில் பற்றும் இழைகள் இல்லை; அவை திறந்த கடலில் தனித்தனியே மிதக்கின்றன. ஹிருண்டிக்திஸின் முட்டைகளோ ஒட்டும் இழைகளையுடையவை. மிதக்கும் பாசியிலும் கிளைகளிலும் அவை சுற்றிக்கொள்கின்றன. இவ்வுண்மையை விஞ்ஞானிகளுக்கு முன்னரே அறிந்திருந்தோர் சோழமண்டலக் கரைத் தொழிலாளரே. அவர்கள் இலைச்செடிக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, முட்டையிட வரும் கோலா மீன்களைக் கைவலையால் அள்ளினர். முன்னர் இலங்கையின் முத்துப்படுகைகளை ஆராய்ந்தவரும் பின்னர்ச் சென்னை மாகாண மீன்பிடித் திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்தவருமான ஜேம்ஸ் ஹோர்னெல், 1923இல் இத்தொழிலை விவரித்தார். அவர் விவரித்த இனமே இன்று ஹிருண்டிக்திஸ் கொரமாண்டலென்சிஸ் எனப்படுகிறது. உழைப்பிற் பிறந்த அறிவே இங்கு விஞ்ஞானத்துக்கு வழிகாட்டிற்று.

அவ்வறிவிலேயே ஓர் எச்சரிக்கையும் உளது. செடிக்கட்டில் அகப்படுவது முட்டையிடும் மீன். கட்டைக் கரைக்குக் கொணர்ந்தால் முட்டைகளும் அழிகின்றன. கரிபியன் கடலிலுள்ள ஹிருண்டிக்திஸ் அஃபினிஸ் ஏறத்தாழ ஓராண்டே வாழ்வது. இத்தகைய குறுவாழ்வு மீன்களில், ஒரு பருவத்து முட்டையழிவு மறு ஆண்டின் பிடியையே தாக்கவல்லது. மேலும், இழைமுட்டைகள் பற்றும் மிதபொருள்களுள் அறுந்த வலைகளும் பிளாத்திக்குக் கழிவுகளும் இன்று சேர்ந்துள்ளன. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து வெளியேறிய பிளாத்திக்குக் குருணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. கடலின் மேற்பரப்பு எவ்வளவு எளிதில் மாசுறும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. அம்மேற்பரப்பே பறவை மீனின் வாழிடமும் முட்டைத் தொட்டிலுமாகும்.

எனவே, எல்லாவற்றையும் ‘பறவை மீன்’ என ஒரே நிரலிற் பதிவதால், இழைமுட்டையிடும் ஓரினம் குறைந்து மற்றோரினம் பெருகினும் மொத்த நிறை மாறாதிருக்கக்கூடும். அழிவு கணக்கில் மறைந்துவிடும். இதனைத் தவிர்க்க அரிய கருவிகள் வேண்டியதில்லை. இடுப்புச் செட்டையின் நீளம், குதச் செட்டையின் தொடக்கம், முட்டையில் இழை உண்டா இல்லையா என்னும் மூன்றையும் நோக்கினால் முதற் பிரிப்புச் செய்துவிடலாம். நமது விலங்கியல் மாணவர் முகத்துவாரத் துறையிலும் பேலியகொடைச் சந்தையிலும் இப்பதிவைத் தொடங்கலாம். கடற்றொழிலாளர் வழங்கும் பெயர்களையும் அவற்றோடு குறித்துக்கொள்ளல் வேண்டும். அவர்களின் வாழ்வாதாரத்தைப் பற்றிய அறிவு, அவர்கள் படித்தறியக்கூடிய மொழியிலும் இருத்தலே முறை.