தென் அமெரிக்காவின் தரைத்தோற்றமும் காலநிலையும்

ஒரு கண்டத்தின் காலநிலையை அறிய விரும்புவோர் முதலில் அதன் அகலக்கோடுகளை நோக்குவது வழக்கம். மத்திய கோட்டை அடுத்த நாடுகள் வெப்பமும் மழையும் மிக்கன. அயனக்கோடுகளை அடுத்தன பெரும்பாலும் வறண்டன. அவற்றுக்கும் அப்பாற்பட்டன குளிர்ந்தன என்பது மாணவர்க்கு முதலிற் கற்பிக்கப்படும் விதியாகும். இவ்விதி பொய்யன்று, ஆயினும், தென் அமெரிக்காவை விளக்குதற்கு இது மட்டும் போதாது. மத்திய கோட்டினை ஒட்டியுள்ள கீற்றோ நகரத்தார் ஆண்டு முழுவதும் கம்பளியாடை அணிகின்றனர். சிலி நாட்டின் வடகோடியிலுள்ள அரிக்காத் துறைமுகத்திற் சராசரி மழைவீழ்ச்சி ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரையும் எட்டுவதில்லை. ஏறக்குறைய அதே அகலக்கோட்டில், மலைக்குக் கிழக்கே உள்ள பொலிவியாவின் சாந்தாக் குரூசு நகரமோ 1,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுகின்றது. இவ்வேறுபாடுகளுக்குக் காரணமாவன மூன்று. அவை மலை, காற்று, கடல் நீரோட்டம் என்பன. இம்மூன்றும் ஒன்றோடொன்று இயைந்து தொழிற்படும் முறையை அறிந்தால் அக்கண்டத்து நாடுகளின் வளமும் வறுமையும், இன்று அவற்றை எதிர்நோக்கும் இடரும் தெளிவாகும்.

தரைத்தோற்றம்

ஏறக்குறைய 178 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புடைய இக்கண்டம், வட அகலக்கோடு 12 பாகை முதல் தென் அகலக்கோடு 55 பாகை வரை நீண்டு கிடக்கின்றது. சுதந்திர நாடுகள் பன்னிரண்டும், பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட கயானாவும் இதில் அடங்கும். தரைத்தோற்றத்தைக் கொண்டு இதனை மூன்று பிரிவுகளாக வகுத்தல் எளிது: மேற்கே அந்தீசு மலைத்தொடர், கிழக்கே கயானா, பிரேசில் ஆகிய பழைய மேட்டுநிலங்கள், இடையே ஒரினோக்கோ, அமேசன், பரானா ஆகிய ஆறுகளின் தாழ்நிலங்கள்.

அந்தீசு மலைத்தொடர் ஏறக்குறைய 7,000 கிலோமீற்றர் நீளமுடையது. வெனிசுவெலா, கொலம்பியா, ஈக்குவடோர், பெரு, பொலிவியா, சிலி, ஆசெந்தீனா ஆகிய ஏழு நாடுகளூடாக இது செல்கின்றது. பசிபிக் சமுத்திரத்தின் அடித்தளமாய் அமைந்த நாசுக்காத் தகடு, கண்டத்தைத் தாங்கும் தகட்டின் கீழ் அமிழ்ந்து செல்வதனால் எழுந்தது இம்மலை. அந்த அமிழ்வு இன்னும் ஓயவில்லை. ஆதலின் எரிமலைகளும் புவிநடுக்கங்களும் இங்கு இயல்பாயின. 1960 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆந் திகதி தென் சிலியில் நிகழ்ந்த நடுக்கம் 9.5 அளவினது, கருவிகளாற் பதியப்பட்டவற்றுள் அதனினும் பெரியது பிறிதில்லை. அதனால் எழுந்த கடற்பேரலை அவாய்த் தீவுகளையும் யப்பானையும் சென்று தாக்கியது. ஆசெந்தீனாவிலுள்ள அக்கோன்காகுவா 6,961 மீற்றர் உயர்ந்து, ஆசியாவுக்கு வெளியே உள்ள சிகரங்களுள் மிக உயர்ந்ததாய் விளங்குகின்றது. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடையில் மலைத்தொடர் இரண்டாகப் பிரிந்து, நடுவே ஒரு மேட்டுநிலத்தைத் தாங்கி நிற்கின்றது. தித்திக்காக்கா ஏரி அம்மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,800 மீற்றர் உயரத்தில் உள்ளது.

கிழக்கு மேட்டுநிலங்கள் மிகப் பழைய பாறைகளால் ஆனவை. நெடுங்கால அரிப்பினாற் சிகரங்களை இழந்தவை. ஆயினும் கயானா மேட்டுநிலத்தின் செங்குத்தான விளிம்பிலிருந்து வீழும் ஏஞ்சல் நீர்வீழ்ச்சி 979 மீற்றர் உயரமுடையது. உலகில் அதனினும் உயர்ந்த நீர்வீழ்ச்சி இல்லை.

இடைப்பட்ட தாழ்நிலத்தின் தட்டைத் தன்மை வியத்தற்குரியது. பெருவிலுள்ள இக்கித்தோசு நகரம் ஆற்றுவழியே அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. அதன் உயரமோ ஏறக்குறைய 100 மீற்றர்தான். அஃதாவது, ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு ஆறு இறங்குவது மூன்று சென்ரிமீற்றர் அளவே. ஆதலாற் கடற்கப்பல்கள் அந்நகர் வரை செல்லக்கூடியனவாய் உள்ளன. கப்பலுக்குத் திறந்த அவ்வழி காற்றுக்கும் திறந்ததே. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுக்கத்தக்க உயர்நிலம் எதுவும் அமேசன் முகத்துவாரத்துக்கும் அந்தீசின் அடிவாரத்துக்கும் இடையில் இல்லை. இக்கண்டத்தின் மழைவளத்தை நிர்ணயிக்கும் செய்திகளுள் இதுவே தலையாயது.

உயரமும் வெப்பமும்

உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வளியின் வெப்பநிலை சராசரியாக ஏறக்குறைய 6.5 பாகை செல்சியசு குறைகின்றது. பரந்த மேட்டுநிலங்கள் ஞாயிற்றின் வெப்பத்தை ஏற்றுத் தம்மேலுள்ள வளியைச் சூடாக்குவதால், அங்கே குளிர் இக்கணக்கினும் சற்றுத் தணிந்திருக்கும். அமேசன் முகத்துவாரத்தில் உள்ள பெலேம் நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 26 பாகையைத் தாண்டும். 2,850 மீற்றர் உயரத்தில் உள்ள கீற்றோவினது 15 பாகையை ஒட்டியது. இரண்டும் மத்திய கோட்டை அடுத்தவையே.

இதனால் அந்தீசு நாட்டு மக்கள் தம் நிலத்தை உயரத்தைக் கொண்டு நான்காகப் பகுத்தனர். ஏறக்குறைய 900 மீற்றர் வரை உள்ளது வெப்பநிலம். அங்கே வாழையும் கொக்கோவும் கரும்பும் விளையும். அதற்குமேல் 1,800 மீற்றர் வரை மிதவெப்பநிலம். கொலம்பியாவின் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் இங்குள்ளன. அதற்கும் மேலே குளிர்நிலம். உருளைக்கிழங்கு, வாற்கோதுமை, கோதுமை என்பன இங்கே பயிராகின்றன. உருளைக்கிழங்கின் தாயகமே இம்மலைநாடுதான். பயிர் விளையும் எல்லைக்கு அப்பால் உறைநிலம்; புல்வெளியில் இலாமாவும் அல்பக்காவும் மேயும்; அதன்மேல் நிலையான பனி. 1802 ஆம் ஆண்டில் சிம்பொராசோ எரிமலையின்மீது ஏறிய செருமானிய அறிஞர் அலெக்சாந்தர் பொன் அம்போல்ற்று, மலையின் ஒவ்வோர் உயரத்திலும் வளரும் தாவரங்களை ஒரே படத்திற் குறித்துக் காட்டினார். மத்திய கோட்டிலிருந்து முனைவு நோக்கிச் செல்பவன் காணும் தாவர மாற்றங்களை ஒரே மலையில் ஏறுபவனும் காணலாம் என்பதை அப்படம் உலகுக்கு உணர்த்திற்று.

காற்றும் மழையும்

அயனப் பகுதியில் வியாபாரக் காற்றுக்கள் கிழக்கிலிருந்து வீசுவன. அவை அத்திலாந்திக்கின் ஈரத்தைச் சுமந்து அமேசன் வடிநிலத்துட் புகுகின்றன. அவ்வாறாயின், கரையோரம் மிகுந்த மழையும் உள்நாடு குறைந்த மழையும் பெறுதல் வேண்டும். உண்மை அவ்வாறில்லை. கடலிலிருந்து 2,000 கிலோமீற்றருக்கு அப்பாலும் மழை செறிவாகவே பெய்கின்றது. இதன் காரணத்தை 1970களில் ஏனேயாசு சலாத்தி என்னும் பிரேசிலிய அறிஞர் மழைநீரில் உள்ள ஒட்சிசன் அணுவகைகளை ஆராய்ந்து விளக்கினார். பெய்த மழையின் பெரும்பகுதியைக் காட்டுமரங்கள் வேரால் உறிஞ்சி இலைகளால் மீண்டும் ஆவியாக வெளிவிடுகின்றன. அவ்வாவி மேற்கே நகர்ந்து மறுபடியும் மழையாகின்றது. இவ்வாறு வடிநிலத்து மழையில் ஏறத்தாழப் பாதி, காட்டினாலேயே மீளத் தரப்படுவதென அவர் கண்டார். மழையினாற் காடு உண்டாயிற்று என்பதுபோலவே, காட்டினால் மழை உண்டாகின்றது என்பதும் இங்கு மெய்யாகின்றது.

மேற்கு நோக்கிச் சென்ற ஈரக்காற்று அந்தீசின் சுவரில் மோதி மேலெழுந்து, கிழக்குச் சாய்வில் மழையைப் பொழிகின்றது. எஞ்சிய பகுதி மலையைத் தாண்ட இயலாமல் தெற்கே திரும்பி, பொலிவியா, பரகுவே, தென் பிரேசில், வட ஆசெந்தீனா ஆகிய இடங்களுக்கு ஈரத்தைக் கொண்டு செல்கின்றது. இதனைப் பிரேசில் மக்கள் பறக்கும் ஆறுகள் என அழைப்பர். உலகின் ஆறுகள் கடலிற் சேர்க்கும் நீரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு அமேசன் ஆற்றுக்குரியது. அந்நிலத்து இறப்பர் மரத்தின் விதைகள் 1876 இல் இலண்டன் கியூத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கு முளைத்த கன்றுகள் இலங்கையின் எனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. ஈழத்தின் ஈரவலயத்தில் அம்மரம் செழித்தமைக்குக் காரணம், வெப்பத்தையும் மழையையும் அது இங்கும் ஒருங்கே பெற்றமையே.

ஏறக்குறைய 35 பாகைத் தென் அகலக்கோட்டுக்கு அப்பால் நிலைமை முற்றும் மாறுகின்றது. அங்கே வீசுவன மேலைக்காற்றுக்கள். அவை பசிபிக்கிலிருந்து வருவன. ஆதலின் மழைபெறும் பக்கம் மேற்கும் மழையொதுக்குப் பக்கம் கிழக்கும் ஆகின்றன. தென் சிலியின் கரையோரத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடங்கள் உண்டு; மலைக்கு அப்பால், சில நூறு கிலோமீற்றர் தொலைவில், ஆசெந்தீனாவின் பற்றகோனியாவில் 200 மில்லிமீற்றரும் பெறாத நிலம் பரந்து கிடக்கின்றது. வடக்கே கிழக்குப் பக்கத்தை வளமாக்கிய அதே மலை, தெற்கே அப்பக்கத்தை வறளச் செய்கின்றது. இரு காற்று மண்டலங்களுக்கும் இடைப்பட்ட நடுச்சிலியிற் கோடை வறண்டும் மாரி மழையுற்றும் மத்தியதரைக் காலநிலை நிலவுதலால் திராட்சை சிறப்பாக விளைகின்றது. அத்திலாந்திக்குக்குத் திறந்த பம்பாசுப் புல்வெளியோ போதிய மழை பெற்றுக் கோதுமைக்கும் மந்தை வளர்ப்புக்கும் பேர்பெற்றது.

குளிர் நீரோட்டம்

மலை கிழக்குக் காற்றின் ஈரத்தைத் தடுத்துவிட, மேற்குக் கரையின் வறட்சியைக் கடல் மிகுவிக்கின்றது. அம்போல்ற்று நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டு வருகின்றது. கரையோரத்திற் காற்று மேற்பரப்பு நீரை அப்பால் தள்ள, ஆழ்கடலின் குளிர்நீர் மேலெழுகின்றது. குளிர்நீரின்மேல் தங்கிய வளி குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கும். மேலெழாத வளி மழை தராது. ஆதலால் உலகின் மிக வறண்ட பாலைகளுள் ஒன்றாகிய அத்தக்காமா, கடலை ஒட்டியே அமைந்தது. அரிக்காவில் 1903 அக்டோபர் முதல் 1918 சனவரி வரை பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு துளி மழையும் பதிவாகவில்லை. அங்கே ஈரம் மூடுபனியாக மட்டும் வருகின்றது. சிலியின் சுங்குங்கோ என்னும் மீன்பிடிக் கிராமத்துக்கு 1990களில், மலைமுகட்டில் வலைகளை நிறுத்தி அப்பனியை நீராக்கிக் குழாய்வழி வழங்கினர். அதே குளிர்நீர் ஊட்டச்சத்து மிக்கதாதலின், பெருவின் கடல் உலகின் சிறந்த மீன்வளக் கடல்களுள் ஒன்றாயிற்று.

எல் நீனோ

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வியாபாரக் காற்று தளர்கின்றது. அப்போது மேலைப் பசிபிக்கிற் குவிந்திருந்த வெந்நீர் பெருவின் கரை நோக்கித் திரும்பும். மீன்கள் அகலும், பாலையில் வெள்ளம் பெருகும். கிறித்து பிறந்த நாளை ஒட்டி இது தோன்றுதல் கண்டு, பெருவின் மீனவர் இதற்குக் குழந்தை இயேசுவைக் குறிக்கும் எல் நீனோ என்னும் பெயரை இட்டனர். பெரு வெள்ளத்தில் அமிழும் அதே காலத்திற் பிரேசிலின் வடகிழக்கு வறட்சியில் வாடும். 1982–83, 1997–98 ஆகிய காலங்கள் இதற்குச் சான்று.

இதன் விளைவு அக்கண்டத்தோடு நிற்பதில்லை. 1877 இல் வலிமிக்க எல் நீனோ ஒன்று தோன்றிற்று. அவ்வாண்டு தொடங்கி 1879 வரை பிரேசிலின் சியாராப் பகுதியில் நிலவிய பெருவறட்சியில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தமிழகத்திற் தாது வருடப் பஞ்சம் எனப்பட்ட பெருங்கொடுமை 1876 இன் மழைக்குறையால் தொடங்கியிருந்தது. 1877 இல் இந்தியாவின் பெரும்பகுதியிற் பருவமழை மீண்டும் பொய்த்தது. தானியம் ஏற்றுமதியானதும் அரசின் நிவாரணம் போதாமையும் மழையின்மையை மரணமாக்கின. கடல்கடந்த இரு நாட்டார் ஒரே வானிலைப் பிறழ்வினால் வருந்தியதை அன்று எவரும் அறிந்திலர். பின்னர் இந்திய வானிலைத் திணைக்களத்தின் தலைவராய் இருந்த கில்பேட்டு வாக்கர், பருவமழை பொய்ப்பதன் காரணத்தை நாடி உலகின் பல நிலையங்களின் அமுக்க அளவுகளை ஒப்பிட்டு, பசிபிக்கின் இருபுறத்திலும் அமுக்கம் துலாக்கோல்போல் ஏறியிறங்குதலை 1920களில் வெளியிட்டார். 1969 இல் யாக்கோப்பு பியெர்க்கினெசு அவ்வேற்றவிறக்கத்தையும் பெருக்கடலின் வெம்மையையும் இணைத்து விளக்கினார். இன்று எல் நீனோவைப் பல மாதங்களுக்கு முன்னரே எதிர்பார்க்க முடிகின்றது. இலங்கையில் அத்தகைய ஆண்டுகளின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை பெரும்பாலும் வழமையினும் மிகுதியாதலால், இவ்வறிவு ஈழத்து உழவர்க்கும் பயன்தருவதேயாம்.

இன்றைய இடர்

மேற்கூறிய ஒழுங்கு மாறாததன்று. அமேசன் காட்டில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு, பெரும்பாலும் 1970களின் பின்னர், அழிக்கப்பட்டுவிட்டது. மழையைத் தான் பெற்று மேற்கே அனுப்பும் காடு குறையுமாயின், காட்டின் எஞ்சிய பகுதிக்கு மட்டுமன்றிப் பறக்கும் ஆறுகளை நம்பிய தென்னாட்டு வயல்களுக்கும் நீர்மின் நிலையங்களுக்கும் ஈரம் குறையும். மனாவுசுத் துறைமுகத்தில் 1902 முதல் நீக்குரோ ஆற்றின் மட்டம் அளக்கப்பட்டு வருகின்றது. 2023 அக்டோபரில் அது அதுவரை காணாத அளவு தாழ்ந்தது. 2024 இல் அதனினும் தாழ்ந்தது. ஆற்றையே பாதையாகக் கொண்ட ஊர்கள் உணவும் மருந்தும் பெறுதற்கு இடர்ப்பட்டன.

மலையிலும் மாற்றம் புலனாகின்றது. அயனப் பனிக்கட்டியாறுகளுட் பெரும்பாலானவை பெருவில் உள்ளன. அவை மாரியிற் சேர்த்த நீரைக் கோடையிற் சிறிது சிறிதாக விடுத்து வறண்ட கரையோர ஆறுகளைக் காத்து வந்தன. பொலிவியாவின் சக்கல்தாயாப் பனிக்கட்டியாறு 2009 இல் முற்றாக மறைந்தது. வெனிசுவெலாவில் எஞ்சியிருந்த ஒன்றும் பனிக்கட்டியாறு எனும் தகுதியை இழந்ததென 2024 இல் அறிவிக்கப்பட்டது. பனி உருகும் காலத்தில் ஆற்றுநீர் சில ஆண்டுகள் மிகும். உருகுதற்குப் பனி இல்லாத காலத்திற் கோடைநீர் குன்றும். முதலில் வரும் மிகுதியைக் கண்டு வயலைப் பெருக்குவோர் பின்வரும் குறையால் இரட்டிப்பாக வருந்துவர்.

மலையை மக்கள் மாற்றவியலாது. காற்றின் திசையையும் மாற்றவியலாது. காடு ஒன்றே அவர்தம் கைக்கு எட்டியது. கிழக்கே மரம் வெட்டப்படும்போது மேற்கிலும் தெற்கிலும் மழை குறைகின்றதென்பதை அளந்து காட்டியது புவியியலின் பணி. அவ்வளவையை ஏற்று நடத்தல் அந்நாட்டு அரசுகளின் கடன். பெயர்களையும் உயரங்களையும் மனனஞ் செய்வதோடு நில்லாது, ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்கும் முறையை மாணவர் கற்பாராயின், தேசப்படத்தில் தொலைவில் உள்ள அக்கண்டம் அவர்க்கு அத்துணைத் தொலைவினதாகத் தோன்றாது.