கருவறையிலிருந்து வரும் எச்சரிக்கை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், நகரை எட்டுமுன் முண்டியம்பாக்கம் வருகின்றது. சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற அவ்வூரில் 2010-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் தாய்மார் பலர் பேறுகாலத்திற்கு அங்கே செல்கின்றனர். இத்தகைய மருத்துவமனைகளில் கர்ப்பிணியின் வயிற்றில் பட்டைகளைக் கட்டி, நீண்ட தாளில் கோடு வரையும் கருவி ஒன்று உண்டு. “கோடு சரியில்லை” என மருத்துவர் கூறியதும் குடும்பத்தார் திகைக்கின்றனர். அக்கோடு கூறுவது யாது?

கருவிலுள்ள குழந்தை தானே மூச்சுவிடுவதில்லை. தாயின் இரத்தத்திலுள்ள பிராணவாயு நஞ்சின் வழியாகவும் தொப்புள்கொடியின் வழியாகவுமே அதனை அடைகின்றது. நலமான கருவிலும் அந்த அளவு குறைவே. எவரெஸ்ட் சிகரத்தின் மேல் வாழ்வதற்கு அதனை அறிஞர்கள் ஒப்பிடுவர். பிராணவாயுவை இறுகப் பற்றும் தனிவகை இரத்தச் சிவப்பணுக்களைக் கொண்டு குழந்தை அதனைச் சமாளிக்கின்றது. ஆயினும், மேலும் குறைந்தால் தாங்குவது அரிது.

குழந்தையின் இருதயம் நிமிடத்திற்கு 110 முதல் 160 முறை துடிக்கும். ஆனால் கடிகாரம்போல் ஒரே சீராக அன்று. மூளையிலிருந்து வரும் ஒருவகை நரம்பு விரைவுபடுத்த, மற்றொன்று தணிக்க, துடிப்பின் வேகம் 5 முதல் 25 வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இவ்வேற்ற இறக்கமே மூளைக்குப் போதிய பிராணவாயு கிடைக்கின்றது என்பதற்கு நற்சான்று.

பிராணவாயு குறைந்தால் குழந்தையின் உடல் முதலில் போராடுகின்றது. மூளைக்கும் இருதயத்திற்கும் மிகுதியான இரத்தத்தைத் திருப்பிவிடுகின்றது. தொடக்கத்தில் துடிப்பின் ஏற்ற இறக்கம் சற்றே மிகுவதும் உண்டு. குறை நீடித்தாலோ, அது மெல்ல மங்கிக் கோடு தட்டையாகின்றது. 1821-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் கெர்கராதெக் கருவின் துடிப்பைக் கேட்டறிந்து வெளியிட்டார். எனினும் இந்நுண்ணிய மாறுதல் செவிக்கு எட்டாதது. துடிப்பின் வேகம் மாறுமுன்பே துடிப்புகளின் இடைவெளி மாறிவிடுகின்றது என்பதை அமெரிக்காவில் ஹான், லீ என்னும் இருவர் 1963-இல் எடுத்துக்காட்டினர்.

தட்டையான கோடெல்லாம் ஆபத்தன்று. குழந்தை உறங்கும்போதும், தாய்க்குச் சில மருந்துகள் கொடுத்தபோதும் அவ்வாறு தோன்றும். ஆதலால் மருத்துவர் தாயை ஒருக்களித்துப் படுக்கச் செய்து சிறிது நேரம் பார்ப்பார். அது அலட்சியமன்று. வேறு அறிகுறிகளும் சேர்ந்தால் அறுவை சிகிச்சைக்கு விரைவார். அது பணத்தாசையென்று முடிவு கட்டுவதும் தகாது.

நம் இல்லத்திலேயே தடுக்கக்கூடிய காரணங்கள் சில உள. முதலாவது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இக்குறையுடையோர். சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரைகள் பல வீடுகளில் அலமாரியிலேயே உறங்குகின்றன. அவற்றைக் காப்பி, தேநீருடன் அருந்தாமல் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். இரண்டாவது, விறகடுப்பின் புகையும் கணவர் பிடிக்கும் பீடியின் புகையும். அவற்றிலுள்ள நச்சுவாயு பிராணவாயுவின் இடத்தைப் பறித்துக்கொள்கின்றது. மூன்றாவது, இரத்தக் கொதிப்பு. கடும் தலைவலியோ, முகவீக்கமோ, பார்வை மங்கலோ கண்டால் தாமதிக்கலாகாது.

இறுதியாக, கருவி இல்லாத குடிசையிலும் கிடைக்கும் அறிகுறி ஒன்று உண்டு. அதுவே குழந்தையின் அசைவு. வழக்கமான அசைவு குறைந்துவிட்டதென மருமகள் கூறினால், “எங்கள் காலத்தில் இதையெல்லாம் பார்த்தோமா? விடிந்ததும் போகலாம்” என மாமியார் கூறுதல் வேண்டா. 2008 முதல் தமிழகத்தில் ஓடும் 108 ஊர்தி இரவிலும் வரும். விடியும்வரை நாம் காத்திருக்கலாம். கருவிலுள்ள குழந்தையால் காத்திருக்க இயலாமற் போகலாம்.