நெய்வேலிக்கு இனி எங்கே நிலம்?

தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு உள்நாட்டுக் கரி போதாவிட்டால், இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வரும். நெய்வேலிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே எரிவது பழுப்பு நிலக்கரி. எடையில் பாதியளவு ஈரம். குவித்து வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். ரயிலேற்றித் தொலைதூரம் அனுப்பினால் தண்ணீருக்குக் கூலி கொடுத்த கதைதான். அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே மின் நிலையம். சுரங்கம் நகராவிட்டால் கொதிகலன் அணைந்துவிடும்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தென்பட்ட கரி, 1956-ல் நிறுவனமானது. 1962-ல் சோவியத் உதவியோடு மின்சாரமானது. அந்த முதல் நிலையம் 2020-ல் ஓய்வுபெற, அதன் இடத்துக்கு 1,000 மெகாவாட் புதிய நிலையம் வந்துவிட்டது. தோண்டி முடித்த பள்ளத்துக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. பக்கத்து வயலைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ள வேண்டும். கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைக்காவிட்டால், அது சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். இறைத்த நீரில் ஒரு பங்கு சென்னைக்குக் குடிநீராகிறது. சுற்றுக் கிராமத்தாரோ ‘எங்கள் போர் வற்றிப்போச்சு’ என்கிறார்கள். மின்சாரக் கட்டணத்தில் இந்தக் கணக்கு வருவதில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் சுரங்கம் முன்னேறுவதற்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. வாய்க்கால் வெட்ட, நெல் நின்ற வயலில் பொக்லைன்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்தது, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். காகிதத்தில் சரிதான். ஆனால் அத்தனை ஆண்டுகள் உழவர் உழுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பயிர் நிற்கும்போதா வருவது? அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம்.

அதே ஆண்டு மார்ச் இறுதியில் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய பெயர்கள் வந்தன. காவிரி டெல்டா கொதித்ததும் பட்டியலிலிருந்து போயின. ஆக, தெற்கே வழி அடைபட்டாயிற்று.

நிறுவனத்துக்கும் இது தெரியும். ஒடிசாவின் தலபிராவில் ஆண்டுக்கு 20 மில்லியன் டன் வெட்டும் சுரங்கம் வைத்திருக்கிறது. அங்கேயே 2,400 மெகாவாட் நிலையம் கட்டுகிறது. அதில் 1,500 மெகாவாட் தமிழகத்துக்கு. அந்த மின்சாரம் கம்பி வழியே நம் வீட்டுக்கு வரும், நெய்வேலிக் கொதிகலனுக்கு உதவாது.

எனவே மூன்றாம் சுரங்கத்துக்கு நிலம் கேட்கும் முன், ஏற்கெனவே எடுத்த நிலத்தில் எத்தனை ஆண்டுக்குக் கரி இருக்கிறது, எந்த நிலையம் எப்போது மூடப்படும் என்பதை நிறுவனம் ஊர்க் கூட்டத்தில் சொல்லட்டும். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒப்பந்த வேலையா, நிரந்தர வேலையா என்பதை எழுத்தில் கொடுக்கட்டும். அதுவரை ஒரு சென்ட் நிலம்கூட அளக்க வேண்டாம்.