பழைய மஸ்டாங் வாங்கப் போனால் முதலில் எங்கே பார்க்கணும்?

இங்கிலீஷ் படத்தில் வரும் நீள மூக்குக் கார் ஃபோர்டு மஸ்டாங்கைப் பார்த்திருப்பீங்க. 1964 ஏப்ரல் 17-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். ஒரே வருடத்தில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால் இன்றைக்கும் அங்கே யார் வீட்டுக் கொட்டகையிலாவது ஒன்று தூசி படிந்து நிற்கும். “கை வைக்காத வண்டி, நிறுத்தும்போது நல்லாத்தான் ஓடிச்சு” என்று சொல்லி விற்பார்கள். நம்பி வாங்கினால், வாங்கின விலையைவிட ரிப்பேர் செலவு அதிகமாகிவிடும்.

எல்லாரும் பானெட்டைத் திறந்து எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். எஞ்சினைக் கழற்றி மாற்றிடலாம், துருவை அப்படி முடியாது. லாரிக்கு அடியில் நீளமா சேஸிஸ் இருக்குமே, அது மஸ்டாங்குக்குத் தனியாகக் கிடையாது. தரையும் உடம்பும் அடிச்சட்டமும் சேர்த்து வெல்டு பண்ணின ஒரே கூடு. தரை அரித்துப்போனால் வண்டியின் பலமே போச்சு.

அந்தத் துரு பெரும்பாலும் தொடங்குகிற இடம் வெளியே தெரியாது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போக வரிசையாகத் துளைகள் இருக்கும். மழைத்தண்ணியும் இலைச் சருகும் அதில்தான் விழும். உள்ளே காற்றுத் துவாரத்தைச் சுற்றி தொப்பி மாதிரி ஒரு தகடு உயர்ந்து நிற்கும், தண்ணி உள்ளே போகாமல் தடுக்க. சருகு மக்கி ஈரம் தங்கினால் தொப்பி ஓட்டையாகும், தண்ணி நேராக் காலடிக்கு இறங்கும். மேலே கார்ப்பெட் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது! சோதிப்பது சுலபம். ஒருத்தர் துளைகளில் ஒரு குடம் தண்ணி ஊற்றணும், இன்னொருத்தர் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கணும். சொட்டினால் விலையை நன்றாகக் குறைத்துப் பேசணும். புதுத் தகடு அங்கே இன்றும் கிடைக்கும். ஆனால் பழசை எடுக்க வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைக்கணும், கூலிதான் ஆளை முழுங்கும்.

அடுத்து கதவு இடுக்கு. மேலே குறுகி, கீழே அகலமா இருந்தால் நடுவில் கூடு தொய்ந்திருக்கலாம். திறந்த மேல்கூரை வண்டியில் இதை இரண்டு தடவை பாருங்க. பின்சக்கரத்துக்குப் பின்னால், கதவின் கீழ் ஓரத்தில் துணி சுற்றின காந்தத்தை வையுங்க. ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். டிக்கியையும் விடாதீங்க. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கமே டிக்கித் தரையாகவும் இருக்கும்.

பளபளப்பான புது பெயிண்டைவிட மங்கின பழைய பெயிண்டை நான் நம்புவேன். அதற்கு அடியில் எதையும் ஒளிக்க முடியாது. மிச்சிகன் மாதிரி பனி பெய்கிற மாநிலங்களில் ரோட்டில் உப்புப் போடுவார்கள், அது இரும்பைத் தின்னும். அரிசோனா வண்டியில் துரு குறைவு, சீட்டும் டேஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும்.

நம்பரையும் ஒப்பிடணும். ஓட்டுநர் கதவுத் தகட்டிலும், எஞ்சின் அறையில் அதே பக்கத் தகட்டிலும் ஒரே எண் இருக்கணும். முதல் இலக்கம் 5 என்றால் 1965 மாடல். நடுவில் ‘கே’ எழுத்து இருந்தால் சக்தி கூடின எஞ்சின், விலையும் கூட. அதனால்தான் அதில் போலிகள் உண்டு.

கடைசியாக எஞ்சின். வருடக்கணக்கா நின்ற வண்டியில் எடுத்ததும் சாவி திருப்பக்கூடாது, உள்ளே துரு இருந்தால் சிலிண்டர் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் ஆயில் விட்டு, முன்பக்க கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கணும். சுற்றினால் பாதி நிம்மதி. மீட்டர் காட்டுவதை மட்டும் நம்பாதீங்க. மைலுக்கு 5 இலக்கம்தான். 42,000 என்று காட்டினால் அது 1,42,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்குன்னு குனிந்து பாருங்க.