வாவியின் நினைவேடு

மட்டக்களப்பு வாவியின் இன்னொலியை மேனாட்டார் அறியச் செய்தவருள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் சேர் எமேர்சன் தெனன்ற். அவர் 1848 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் இங்கு வந்து, இரவில் தோணியேறிச் சென்று, நீரடியினின்றும் எழுந்த ஒலியைச் செவிமடுத்தார். தோணியின் மரத்திற் காதை வைத்தபோது அவ்வொலி மிகுந்து கேட்டதென எழுதியுள்ளார். ஈண்டு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அவரோடு சென்ற மீனவர் அதனை மீனின் பாட்டு என்றாரல்லர். ஊரியின் அழுகை என்றே கூறினர். கூறியதோடமையாது அவ்வூரிகளைக் கொணர்ந்தும் காட்டினர்.

தெனன்ற் அவற்றின் இலத்தீன் பெயர்களைத் தம் நூலிற் குறித்தார். அவற்றுள் ஒன்று இக்காலத்துத் தெரெபிராலியா பலுத்திரிசு என வழங்குவது. கண்டற் சேற்றில் வாழ்வது. நன்கு வளருமாயின் 10 சென்ரிமீற்றரையும் கடப்பது. தமக்குக் காட்டப்பட்டவையோ குறுகித் தடித்திருந்தன என்கிறார் அவர். அக்குறுக்கம் நிலத்தின் இயல்பால் வந்ததா, அன்றி அது வேறோர் இனமா? இன்ன துறையில், இன்ன நாளில் எடுத்தது என்னும் சீட்டோடு அவ்வூரி ஒன்று கையிலிருக்குமாயின், இவ்வையம் ஒரு நாழிகையிலே தீரும். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் எழுதினும் தீராது. உயிர்மாதிரி என்பதன் பெறுமதி இதுவே.

விபுலாநந்த அடிகள் இவ்வொலியை நீரரமகளிர் இசையாகக் கண்டு பாடினார். 1954 இல் யேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் நீருள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவுசெய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. புலவன் பாட்டு நமக்கு இன்பந் தருவது. ஆயினும், பின்வந்தோர் ஒப்புநோக்குதற்கு உதவுவது நாளிட்ட ஒலிப்பதிவேயாம். அதுவும் ஒருவகை மாதிரி என்று கொள்ளலாம்.

கொழும்பு நூதனசாலை 1877 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலாட் இந்நாட்டு விலங்குகளைத் தொகுத்து 1852 இல் நூலொன்று வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அவர் விவரித்த மரத்தவளை ஒன்று அதன்பின் எவர் கண்ணிலும் படாது, அழிந்ததென்றே எண்ணப்பட்டு, 150 ஆண்டுகளுக்கு மேற் கழிந்து 2009 இல் மலைக்காட்டில் மீண்டும் காணப்பட்டது. பழைய விவரணம் இல்லையாயின், அதனைக் கண்டோர் புதிதென்றே கொண்டிருப்பர். அது மறைந்ததும் அறியப்பட்டிராது, மீண்டதும் அறியப்பட்டிராது.

மாதிரியைச் சேர்த்தவன் கருதாத வினாவுக்கும் மாதிரி விடை தருவதுண்டு. பிரித்தானியாவில் பொழுதுபோக்காகப் பறவை முட்டை திரட்டியோர் பலர். அவர்தம் பேழைகளிலிருந்த வல்லூற்று முட்டையோடுகளை அளந்த டெரெக் இரட்கிளிபு, 1947 அளவிலிருந்து அவை மெலிந்துவந்தன என 1967 இற் காட்டினார். அதற்குக் காரணம் டீடீரீ முதலிய நஞ்சுகள் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. முட்டை திரட்டியோர் அழகையும் அருமையையும் நாடினரேயன்றி நஞ்சை நினைத்தாரல்லர்.

பொதுமக்கள் நோக்கும் புதியதன்று. அமெரிக்காவில் 1900 ஆம் ஆண்டு நத்தார் நாளில் 27 பேர் பறவைகளை எண்ணத் தொடங்கிய வழக்கம் இன்றும் நிகழ்கின்றது. இலங்கைப் பறவைக் கழகம் 1943 இல் தோன்றியது. தமிழ்நாட்டிற் பொங்கல் விடுமுறையிற் பறவை எண்ணும் முயற்சி 2015 இல் தொடங்கிற்று. இக்காலத்தில் ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ற் என்னும் இணையப் பதிவேடுகளில் எவரும் தாம் கண்டதைச் சேர்க்கலாம்.

எனினும் இரண்டிலும் குறையுண்டு. நூதனசாலைக்குத் திரட்டியவன் அரியதைத் தேடினான். காகத்தையும் கெளிற்றையும் புறக்கணித்தான். பொதுநோக்குநரோ வழியோரத்தும் விடுமுறை நாளிலுமே மிகுதியாகக் காண்கின்றனர். கல்லடிப் பாலத்தருகே நூறு குறிப்பும் படுவான்கரையிற் பத்துக் குறிப்பும் இருப்பின், பறவை கல்லடியிலேதான் மிகுதி என முடிவுகட்டுதல் தகாது. எத்துணை நேரம் நோக்கினர், எதனைத் தேடியும் காணாதுபோயினர் என்பனவும் எழுதப்படல் வேண்டும். காணாமையை எழுதாத ஏடு பாதி ஏடே.

நமது வாவிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வடகீழ்ப் பருவமழையில் ஆற்றுநீர் நிறைந்து, முகத்துவாரத்து மணற்றடை உடைய, உப்பின் அளவு மாறும். அதனோடு மீனும் இறாலும் இடம் மாறும். ஆகவே ஓராண்டின் ஆவணி மாதப் பட்டியலை மற்றோராண்டின் மார்கழிப் பட்டியலோடு ஒப்பிட்டு, இனம் குறைந்ததென்றல் பெரும்பிழை. அன்றியும் 1978 நவம்பர்ச் சூறாவளி, 2004 டிசெம்பர்க் கடல்கோள், இவற்றோடு நீண்ட போர்க்காலம்: இவை கரையை மாற்றியதோடு, நோக்குவாரையும் கரையினின்று அகற்றின. ஏட்டில் வெறுமை நேர்ந்த ஆண்டுகளில் வாவியும் வெறுமையாயிருந்ததென எவர் சொல்லவல்லார்? திலாப்பியா இந்நாட்டுக்குக் கொணரப்பட்டது 1950 களின் தொடக்கத்திலே. அதற்கு முன் இவ்வாவியில் எம்மீன் எவ்வளவிற்று என்பதை அறிய முதுமீனவரின் நினைவும் பழைய போத்தல்களுமே துணையாவன.

பள்ளிகளின் விஞ்ஞான அறைகளில் மதுசாரத்திலோ போமலினிலோ ஊறிக்கிடக்கும் மீன்கள், ஊரிகள், நண்டுகள் இவ்வகையில் ஆராயத்தக்கவை. போமலினில் இட்டவற்றின் மரபுப்பொருளை ஆராய்தல் அரிது. மதுசாரத்தில் இட்டவை மேல். சீட்டற்றது காட்சிக்கு உதவுமேயன்றி ஆராய்ச்சிக்கு உதவாது. எனவே, அவற்றைச் சேர்த்த ஆசிரியர் உளராயின் கேட்டெழுதிக்கொள்ளல் நன்று. புதிதாகச் சேர்ப்போர், சட்டத்தாற் காக்கப்பட்ட உயிர்களைத் தொடாது, கரையொதுங்கிய வெற்றோடுகளைக் கொண்டே தொடங்கலாம். சீட்டிற் பொறிக்கவேண்டியவை: துறையின் பெயர், நாள், எடுத்தவர் பெயர், சேறோ மணலோ என்பது, அவ்வூர் மீனவர் வழங்கும் பெயர் ஆகியன. மீனவர் சொன்ன பெயரைத் தெனன்ற் ஆங்கில எழுத்திற் சிதைவுற எழுதியதால், அதன் முதற்சொல்லாகிய ‘ஊரி’ அன்றி மற்றவை இன்று விளங்குதல் அரிதாயிற்று. தமிழெழுத்தில் எழுதுக, பென்சிலால் எழுதுக, பேனா மை மதுசாரத்திற் கரைந்துவிடும்.